41 வயது, 24.07 விநாடி

2008 ஆகஸ்ட் 17, பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சல் குளம். பெண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ஜெர்மனியின் பிரிட்டா ஷ்டெஃபன் 24.06 விநாடியில் சுவரைத் தொட்டார். அமெரிக்காவின் டாரா டோரஸ் 24.07. ஆஸ்திரேலியாவின் கேட் கேம்பல் 24.17. கேம்பலுக்கு அப்போது 16 வயது, ஷ்டெஃபனுக்கு 24. டோரஸுக்கு 41 வயது, வீட்டில் இரண்டு வயது மகள். ஷ்டெஃபன் பிறந்த அதே 1983-இல் இதே 50 மீட்டரில் உலக சாதனை படைத்தவர் டோரஸ். எவ்வளவு பெரிய இடைவெளி என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடியும் குளத்தில் இறங்கினார். நான்கு பேர் நான்கு நீச்சல் முறைகளில் அடுத்தடுத்து நீந்தும் மெட்லி ரிலேயின் கடைசி 100 மீட்டரை 52.27 விநாடியில் நீந்தினார். அதிலும் வெள்ளி. ஃப்ரீஸ்டைல் ரிலேயில் ஏற்கெனவே கிடைத்ததையும் சேர்த்து அந்த ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளி.

அந்தக் கோடைக்காலம் முழுக்க அவரைச் சுற்றி ஒரே கேள்விதான்: இது எப்படி முடியும்? சிலர் வியந்து கேட்டார்கள். நிறையப் பேர் ஊக்கமருந்தை மனதில் வைத்துக் கேட்டார்கள். அவர் எந்தச் சோதனையிலும் சிக்கவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. இருந்தாலும் சந்தேகம் ஓயவில்லை. வயதைத் தவிர வேறு எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒருவரைச் சந்தேகிக்கும்போது, அந்தச் சந்தேகத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எடுத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் முளைத்த காலம்

முதலில், கேட்டவர்கள் மீது கோபப்படுவதில் நியாயமில்லை. அந்தக் காலம் அப்படி. 2003 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் பால்கோ என்ற ஆய்வகத்துக்குள் அதிகாரிகள் புகுந்து தேடினார்கள். எந்தச் சோதனையிலும் தெரியாதபடி வடிவமைத்த டி.எச்.ஜி. என்ற ஸ்டீராய்டு இருப்பது அந்த ஆண்டில்தான் வெளியே வந்தது. ஒரு பயிற்சியாளர் ஒரு ஊசிக்குழலை அதிகாரிகளுக்கு அனுப்பியிராவிட்டால் அது இன்னும் எத்தனை நாள் ஒளிந்திருக்குமோ. 2007 அக்டோபரில் அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் தான் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். அதுவரை தன்மீது எந்தத் தண்டனையும் விழாத வீராங்கனை அவர். எத்தனையோ சோதனைகளைத் தாண்டி வந்தவர். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க பேஸ்பால் பற்றிய மிட்செல் அறிக்கை வந்தது. முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் உச்சத்தில் ஆடிய சில நட்சத்திரங்களின் பெயர்கள் அதில் இருந்தன. அப்புறம் 2008 ஜூலையில், டோரஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே ஓமஹா தகுதிப் போட்டியில், அவரது அணியைச் சேர்ந்த ஜெசிகா ஹார்டியின் மாதிரியில் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து தென்பட்டது. ஹார்டி பெய்ஜிங் போகவில்லை.

ஆக, "நான் சோதனையில் தேறிவிட்டேன்" என்ற சொல்லுக்கு அந்த நேரத்தில் மதிப்பே இல்லை. டோரஸின் துரதிர்ஷ்டம், அவர் அந்த நேரத்தில் வேகமாக நீந்தினார்.

நேரத்தைப் பிரித்துப் பார்த்தால்

"41 வயதில் 24.07" என்று ஒரே மூச்சில் சொன்னால் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அந்த எண்ணை நான்கு படிகளாகப் பிரிக்க வேண்டும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், 33 வயதில், டோரஸின் நேரம் 24.63, வெண்கலம். 2007 ஆகஸ்ட்டில், இண்டியானாபொலிஸில், 40 வயதில், 24.53, அமெரிக்கச் சாதனை. 2008 ஜூலையில் ஓமஹாவில் 24.25. அடுத்த மாதம் பெய்ஜிங்கில் 24.07. மொத்தம் எட்டு ஆண்டுகளில் 0.56 விநாடி முன்னேற்றம். அதில் 0.46 கடைசி ஒரே ஆண்டில் வந்தது.

அந்த ஓர் ஆண்டில் நீச்சலில் என்ன மாறியது? உடை. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேசர் உடையை வெளியிட்டது. உடலை இறுக்கிப் பிடித்து, பாலியூரித்தேன் பட்டைகளால் தண்ணீரின் இழுவையைக் குறைக்கும் உடை. பெய்ஜிங்கில் பெரும்பாலானோர் அதைத்தான் அணிந்தார்கள், டோரஸும் அப்படியே. அதன் தாக்கத்தை இதே போட்டியின் உலக சாதனையில் பார்க்கலாம். 2000-இல் நெதர்லாந்து வீராங்கனை இங்கே டி பிரைன் (Inge de Bruijn) 24.13 நீந்தினார். ஏழரை ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. 2008 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் அது இரண்டு முறை உடைந்து 23.97 ஆனது. 2009-இல், முழுக்க முழுக்க பிளாஸ்டிக் உடைகள் வந்த பிறகு, 23.73. 2010 ஜனவரி 1 முதல் இத்தகைய உடைகளுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு 23.73-ஐ முறியடிக்க 2017 வரை ஆனது.

இந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு டோரஸின் நேரத்தை மட்டும் தனியே எடுத்து, "வயதாக ஆக வேகம் கூடுகிறதே" என்று கேட்பது சரியான கணக்கில்லை. குளத்தில் இருந்த எல்லோருக்கும் வேகம் கூடியிருந்தது.

ஆனால் உடை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். 2007-இன் 24.53 அந்த உடை வருவதற்கு முன்னால் நீந்தியது. அதாவது 40 வயதில், குழந்தை பெற்று ஒன்றரை ஆண்டு கூட ஆகாத நிலையில், 33 வயதில் நீந்தியதைவிட 0.10 விநாடி வேகம். அப்புறம் பெய்ஜிங் ரிலேயின் 52.27. ஓமஹாவில் தனிப் போட்டியில் அவர் 100 மீட்டரை 53.78-இல் வென்றிருந்தார். ரிலேயில் முன்னால் வருபவர் சுவரைத் தொடும் கணத்தைக் கணித்துப் பாயலாம் என்பதால் அரை விநாடிக்கு மேல் இலாபம் கிடைக்கும். இங்கே வித்தியாசம் 1.51. அதே ஒலிம்பிக்கில் ஷ்டெஃபன் 100 மீட்டர் தங்கத்தை வென்ற நேரம் 53.12 என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தேகப்பட்டவர்கள் வயதை விட்டுவிட்டு இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தால், அது இன்னும் கூர்மையான கேள்வியாக இருந்திருக்கும்.

அவற்றுக்கு என்னிடம் உள்ள பதில் பகுதிப் பதில்தான். 2000-இன் 24.63 அவரது உடலின் எல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு ஆதாரம் இல்லை. 1992-க்குப் பிறகு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் போட்டியை விட்டு விலகியிருந்தவர், சிட்னிக்குக் கிட்டத்தட்ட ஓராண்டுப் பயிற்சியோடு வந்தார். அங்கே 50 மீட்டர், 100 மீட்டர், 100 மீட்டர் பட்டாம்பூச்சி, இரண்டு ரிலே என ஐந்து பதக்கங்களுக்காக உடலைப் பங்கு போட்டார். 2008-இல் 100 மீட்டரில் தகுதி பெற்றும் தனிப் போட்டியில் அதை விட்டுக்கொடுத்து 50 மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டார். தினமும் இருவேளை நீந்தும் பழைய முறையை விட்டு, வாரத்துக்கு ஐந்து முறை மட்டுமே தண்ணீரில் இறங்கினார். மீதி நேரம் வலுப் பயிற்சிக்கும் ஓய்வுக்கும். தலைமைப் பயிற்சியாளர், வேகப் பயிற்சியாளர், வலுப் பயிற்சியாளர், தசைகளை நீட்டி இளக்கிவிட இருவர், மசாஜுக்கு இருவர் என்று ஒரு சிறு படையே அவருக்காக வேலை செய்தது. ஆண்டுக்கு குறைந்தது 1 லட்சம் டாலர் செலவு என்று அப்போது எழுதினார்கள். இருபது வயதில் வேகமாக நீந்திய பெரும்பாலானோருக்கு நாற்பது வயதில் இப்படி ஒரு ஏற்பாடு கிடைப்பதில்லை. அவர்களோடு ஒப்பிட்டுத்தான் நாம் "நாற்பதில் இது முடியாது" என்ற முடிவுக்கு வந்திருக்கிறோம்.

உடல் எப்படித் தேய்கிறது

வயது உடலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தின்பதில்லை. முதலில் கை வைப்பது இதயத்தின் உச்சத் துடிப்பில். ஆண்டுக்கு ஏறத்தாழ முக்கால் துடிப்பு குறைகிறது, எவ்வளவு பயிற்சி செய்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதோடு உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவும் இறங்குகிறது. பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம், கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. வேகத் தசை நார்கள் மெலிவது பொதுவாக இன்னும் தாமதமாகத்தான் தெரியவரும். வலுப் பயிற்சியால் அதைத் தள்ளிப்போடவும் முடியும்.

50 மீட்டர் நீச்சல் 24 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஆக்சிஜன் உச்ச அளவுக்கு அதில் பெரிய வேலை இல்லை. தண்ணீர் உடலைத் தாங்குவதால் ஓட்டத்தைப் போல மூட்டுகளும் தசைநாண்களும் அடி வாங்குவதில்லை. நுட்பத்தின் பங்கு மிகப் பெரிது. நுட்பம் வயதோடு கெடுவதில்லை. இதனால்தான் 41 வயதில் ஒருவர் உச்சத்தில் நிற்க முடியும் என்று நம்புவதற்கு எல்லா விளையாட்டுகளிலும் இது எளிதான இடங்களில் ஒன்று. இதே வயதில் ஒருவர் மலைப்பாதையில் மூன்று வாரம் சைக்கிள் மிதித்து வென்றால், என் புருவம் இன்னும் கொஞ்சம் உயரும்.

சோதனைக் குழாய்கள் என்ன சொல்லின

பெய்ஜிங்குக்கு முன்பே டோரஸ் தானாக முன்வந்து, ரத்தமோ சிறுநீரோ டி.என்.ஏ.வோ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை அப்போது ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தியது. ஒரு சிறு குழுவினரிடம் குறுகிய காலத்தில் பலமுறை ரத்தமும் சிறுநீரும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் எது இயல்பு என்று கோடு போட்டுவிட்டு, பிறகு அந்தக் கோட்டிலிருந்து விலகல் இருக்கிறதா என்று பார்ப்பது. மைக்கேல் ஃபெல்ப்ஸ், அலிசன் ஃபெலிக்ஸ், டைசன் கே ஆகியோரோடு டோரஸும் அதில் சேர்ந்தார்.

இது பாராட்டத்தக்கது. ஆனால் இது அவரைத் தூய்மையானவர் என்று நிரூபித்ததா என்று கேட்டால், இல்லை. நிரூபிக்கவும் முடியாது. மூப்பைத் தள்ளிப்போட விரும்புவோர் முதலில் நாடும் பொருட்களில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். அதற்கான ரத்தப் பரிசோதனை 2004 ஏதென்ஸில் அறிமுகமானாலும், ஊசி போட்டு ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் ரத்தம் எடுத்தால்தான் தெரியும். உலகிலேயே முதல் முறையாக அதில் ஒருவர் சிக்கியது 2010-இல்தான், ஒரு பிரிட்டிஷ் ரக்பி வீரர். அப்படியானால் 2008-இல் யாருடைய மாதிரியிலும் வளர்ச்சி ஹார்மோன் இல்லை என்ற முடிவுக்கு என்ன பொருள்? கிட்டத்தட்ட ஒரு பொருளும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெய்ஜிங் மாதிரிகளை ஒலிம்பிக் கமிட்டி குளிரில் சேமித்து வைத்தது. 2009-இலும், பிறகு 2015, 2016-இலும் புதிய முறைகளால் பலவற்றை மீண்டும் ஆய்வு செய்தது. பழைய ஸ்டீராய்டுகளின் நீண்டநாள் எச்சங்களைக் கண்டுபிடிக்கும் முறை அதற்குள் வந்திருந்தது. பல டஜன் பேர் பதக்கங்களையும் இடங்களையும் இழந்தார்கள். பெரும்பாலோர் பளுதூக்குதலையும் தடகளத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களில் மிகப் பலர் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களைப் பார்த்து "இந்த வயதில் இது எப்படி" என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் உறுத்துவது இதுதான். வயதைத் தேடிப் போன கண்கள் பக்கத்திலேயே இருந்ததைப் பார்க்கவில்லை.

ஹார்னர்: எண்களைக் கொட்டினாலும் தீராதது

சரி, எல்லாத் தரவையும் பொதுவில் வைத்துவிட்டால் சந்தேகம் தீருமா? அமெரிக்க சைக்கிள் வீரர் கிறிஸ் ஹார்னர் அதை முயன்று பார்த்தார். 2013 செப்டம்பரில், 42-ஐத் தொட ஒரு மாதம் சொச்சம் இருக்கும்போது, வின்சென்சோ நிபாலியை 37 விநாடியில் முந்தி ஸ்பெயின் சுற்று சைக்கிள் பந்தயத்தை வென்றார். மூன்று வாரப் பெரும் பந்தயம் ஒன்றை அவ்வளவு வயதில் எவரும் வென்றதில்லை. அதற்கு முந்தைய மூத்த வெற்றியாளர் 1922-இல் பிரான்ஸ் சுற்றை 36 வயதில் வென்ற ஃபிர்மான் லாம்போ.

வென்ற மறுநாள் காலையே குழப்பம். சோதனையாளர்கள் அவரைத் தேடிப் பழைய ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். இருப்பிட மாற்றத்தை ஹார்னர் முன்பே தெரிவித்திருந்தார், தவறு அவருடையது இல்லை என்பது பிறகு உறுதியானது. ஆனால் "சோதனைக்கு வரவில்லை" என்ற செய்தி அதற்குள் பறந்துவிட்டது. பிறகு அவர் 2008 முதலான தன் உயிரியல் பாஸ்போர்ட் எண்களை, அதாவது ஆண்டுக்கணக்கில் பதிவான ரத்தப் பரிசோதனை அளவுகளை, எல்லோரும் பார்க்க வெளியிட்டார்.

அங்கேயும் கருத்து பிளந்தது. மூன்று வாரம் கடுமையாக மிதிக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, ஹீமோகுளோபின் செறிவு மெல்ல இறங்குவது வழக்கம். ஹார்னருடையது எதிர்பார்த்தபடி இறங்கவில்லை என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். அந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பான எல்லைக்குள்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். உடலில் நீர் வற்றினாலே அந்த எண் மாறும். எந்த நேரத்தில், படுத்தா உட்கார்ந்தா ரத்தம் கொடுத்தார் என்பதும் அதை மாற்றும். அவர் மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. முழங்கால் சிகிச்சையால் அந்த ஆண்டின் பெரும்பகுதியை இழந்தவர் என்பதால், மற்றவர்கள் களைத்து வந்தபோது அவர் புத்துணர்வோடு வந்தார் என்ற விளக்கமும் இருக்கிறது. அது எனக்கு ஓரளவு ஏற்புடையது, முழுக்க இல்லை. ஸ்பெயினை வென்ற ஒருவருக்கு அடுத்த அணி கிடைக்க ஜனவரி வரை ஆனது என்பதும் அந்தக் கதையில் சேரும்.

சந்தேகம் சரியாக இருந்தபோது

எடி ஹெல்லபைக் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவுக்காக ஓடிய மாரத்தான் வீரர். நாற்பதைத் தாண்டியும் வேகம் குறையாமல் மூத்தோர் சாதனைகளை எடுத்தவர். 2004-இல், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. மருந்துக்கான சோதனையில் சிக்கினார். பல ஆண்டுகள் மறுத்தார். 2010-இல் ஒப்புக்கொண்டார். தொடங்கியது 2001-இல், அதாவது நாற்பது வயதில். அவர் விஷயத்தில் "இந்த வயதில் இது எப்படி" என்று முணுமுணுத்தவர்கள் சரியாகவே முணுமுணுத்திருந்தார்கள். ஆனால் அவரை மாட்டவைத்தது அந்த முணுமுணுப்பு இல்லை, போட்டி இல்லாத நாளில் எடுத்த ஒரு மாதிரி.

இந்தக் கதை எனக்கு முக்கியம். வயதாகும்போது ஊக்கமருந்தின் கவர்ச்சி கூடத்தான் செய்கிறது. இருபது வயதுக்காரர் இன்னும் கிடைக்காத ஒன்றுக்காக எடுக்கிறார். நாற்பது வயதுக்காரர் கைநழுவிப் போகும் ஒன்றைப் பிடித்துவைக்க எடுக்கிறார். இரண்டாவது ஆசை முதலாவதைவிடப் பலமானது என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டரே எழுதிக்கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் ஊசியும் நடுவயதில் எளிதாகக் கிடைக்கின்றன. "வயதானதால் அளவு குறைந்துவிட்டது" என்ற காரணத்துக்காக டெஸ்டோஸ்டிரோனுக்கு மருத்துவ விலக்கு தருவதில்லை என்பது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் நிலைப்பாடு. விரைகளிலோ பிட்யூட்டரி சுரப்பியிலோ உண்மையான நோய் இருந்தால்தான் விலக்கு. மூத்தோர் போட்டிகளில் ஓடும் பலருக்கு இது தெரிவதே இல்லை.

தெரியாமல் மாட்டுவது எந்த வயது வரை போகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 2018-இல் அமெரிக்க மூத்தோர் சைக்கிள் போட்டியில் 90 வயதுக்காரர் ஒருவரின் மாதிரியில் ட்ரென்போலோன் என்ற ஸ்டீராய்டின் எச்சம் கிடைத்தது. முந்தைய இரவு சாப்பிட்ட கல்லீரல் இறைச்சியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று அமெரிக்க முகமையே ஏற்றுக்கொண்டு, தடை எதுவும் இல்லாமல் எச்சரிக்கையோடு விட்டது. ஆனாலும் தொண்ணூறு வயது மனிதரின் பெயர் உலகம் முழுக்கக் கேலிக்குரியதாகச் சுற்றிவிட்டது.

என் கணிப்பு

டோரஸ் விஷயத்தில் கிடைக்கும் தரவு ஊக்கமருந்தைச் சுட்டவில்லை என்பது என் முடிவு. 2007-இன் 24.53-ம் ரிலேயின் 52.27-ம் விளக்கம் கேட்கும் எண்கள். அவை குற்றம் சொல்லும் எண்கள் ஆகமாட்டா. உறுதியாகத் தெரியுமா என்றால், எனக்குத் தெரியாது. அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆனால் அதே வரியை அந்த இறுதிப் போட்டியில் நீந்திய எட்டுப் பேருக்கும் எழுதலாம். ஒருவருக்கு மட்டும் அதை எழுதியதுதான் தவறு.

முகமைகள் வயதைப் பார்த்து ஒருவரைக் கூடுதலாகச் சோதிப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. போட்டி இல்லாத காலத்தில், அறிவிக்காமல், பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்து, மாதிரியைப் பத்தாண்டு சேமித்து வைக்கட்டும். ஆனால் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதன் இடத்தில் வயதை நிறுத்தி "பார்த்தாலே தெரிகிறதே" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மெர்லின் ஆட்டி இதற்கு இன்னொரு கோணம். ஜமைக்காவின் ஓட்டக்காரி. 1999-இல் அவர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு இருப்பதாக அறிவித்தார்கள். மேல்முறையீட்டில் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு, 40 வயதில் சிட்னி 100 மீட்டர் இறுதியில் ஓடி நான்காவதாக வந்தார். அந்தப் பந்தயத்தின் சந்தேகம் எல்லாம் அவர்மீது இருந்தது. தங்கம் வென்ற 24 வயது மரியன் ஜோன்ஸின் முடிவுகள் பின்னர் அழிக்கப்பட்டபோது, ஆட்டி மூன்றாம் இடத்துக்கு வந்தார். பந்தயம் முடிந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வெண்கலம்.

டோரஸ் 2009 ரோம் உலகப் போட்டியில், பிளாஸ்டிக் உடைகளின் உச்சத்தில், 50 மீட்டர் இறுதியில் எட்டாவதாக வந்தார். பிறகு முழங்காலில் பெரிய அறுவை சிகிச்சை. 2012-இல் மறுபடியும் ஓமஹா, மறுபடியும் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. பாலியூரித்தேன் போய், துணி உடை மட்டுமே அனுமதி. 45 வயதில் அவர் நேரம் 24.82. சிட்னியில் 33 வயதில் நீந்தியதைவிட 0.19 விநாடி மெதுவு. நான்காம் இடம். அணியில் இடம் கிடைக்கத் தேவைப்பட்டது இன்னும் 0.09. அத்தோடு ஓய்வை அறிவித்தார்.